போன் நம்மளுது, சாவி யார் கையில?



2025 நவம்பர் 28 ஞாபகம் இருக்கா? அன்னைக்குத்தான் ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறை போன் நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு புதுப் போனிலும் 'சஞ்சார் சாத்தி' செயலி முன்கூட்டியே இருக்கணும், அதை முடக்கி வைக்கக் கூடாது, 90 நாளில் செய்து முடிக்கணும். நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்புச்சு. வேண்டாம்னா நீக்கிக்கலாம்னு அமைச்சர் விளக்கம் கொடுத்தார். டிசம்பர் 3-ஆம் தேதி உத்தரவையே வாபஸ் வாங்கினாங்க.

நல்லது. ஆனா ஒரு கேள்வி பாக்கி இருக்கு. நம்ம காசு போட்டு வாங்கின போனில், நம்மைக் கேட்காம ஒரு செயலியை வைக்கலாம்னு அரசுக்கு எப்படித் தைரியம் வந்தது? கம்பெனிகள் அதைப் பல வருஷமா செய்றாங்க, நாமும் பழகிட்டோம். அதான் காரணம்.

புதுப் போனைத் திறந்து பாருங்க. நாம கேட்காத செயலிகள் வரிசையா நிக்கும். பாதியை நீக்கவே முடியாது. இந்த ஆண்ட்ராய்டு ஆதிக்கத்துக்காகத்தான் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனா முன்கூட்டியே வரும் செயலிகளை நீக்க விடணும்கிற கட்டளையை ரத்து செஞ்சிடுச்சு! அபராதம் அரசு கஜானாவுக்குப் போகும். நமக்கு வேண்டியிருந்தது அந்தக் கட்டளைதான்.

இதில் பெரிய வேடிக்கை என்னன்னா, ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம்னு உரிமம் பெற்ற கட்டற்ற மென்பொருள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவங்க சேர்ந்து எழுதினது. அதை எடுத்துப் போனில் போட்டுட்டு, பூட்லோடரைப் பூட்டிடுறாங்க. போனை ஆன் பண்ணியதும் முதலில் எழும் சின்ன நிரல்தான் பூட்லோடர். கம்பெனி கையெழுத்து இல்லாத எதையும் அது உள்ளே விடாது. திருத்தும் உரிமை காகிதத்தில் இருக்கு, கருவியில் இல்லை.

பாதுகாப்புக்காகத்தான் பூட்டுறோம்னு சொல்லுவாங்க. சரி, ராஸ்பெரி பை பாருங்க. 2012-ல் 35 டாலருக்கு வந்த, உள்ளங்கையில் அடங்கும் கணினி. போனில் இருக்கும் அதே ஆர்ம் வகைச் செயலிதான் அதிலும். மெமரி கார்டில் வேற இயங்குதளம் எழுதிச் செருகினா, மறுபேச்சில்லாம ஓடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில் உடைச்சுப் பார்த்துக் கத்துக்கிறாங்க. அதிலும் முழுச் சுதந்திரம் இல்லை; தொடக்கத்தில் எழுப்பிவிடும் நிரல் இன்னும் மூடியேதான் இருக்கு. ஆனாலும் ஒண்ணு தெளிவாகுது: போனைப் பூட்டுவது வியாபார முடிவு, தொழில்நுட்பக் கட்டாயம் இல்லை.

பூட்டே வேண்டாம்னு நாம சொல்லல. சாவி உரிமையாளர்கிட்ட இருக்கட்டும்னுதான் சொல்றோம். கூகுளின் பிக்சல் போனில் பூட்டைத் திறந்து, வேற இயங்குதளம் போட்டு, சொந்தச் சாவியால் திரும்பப் பூட்ட வழி இருக்கு. ஒருத்தரால் முடியும்னா மத்தவங்களாலும் முடியும்.

இது கணினி படிச்சவங்க கவலைன்னு நினைக்காதீங்க. அப்டேட் நின்ன போனில் வங்கிச் செயலி ஓட மறுக்குது. திரை நல்லா இருக்கு, பேட்டரி நல்லா இருக்கு, ஆனா போன் செத்துப் போச்சு. கடன் தவணையில் போன் வாங்கின டெலிவரி ஊழியர் திரும்பவும் தவணைக்கு நிக்கணும். பழைய போனுக்குப் புது ஆண்ட்ராய்டு போட்டுத் தரும் லினேஜ்ஓஎஸ் மாதிரி கட்டற்ற திட்டங்கள் இருக்கு. பூட்லோடர் திறக்கலைன்னா அதுவும் உதவாது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல், விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 வருஷம் அப்டேட் வேணும்னு விதி கொண்டுவந்திருக்கு. இங்கே?

நம் கோரிக்கைகள்:

1. போனின் பூட்லோடரைத் திறக்கும் உரிமை வாங்கியவருக்குச் சட்டப்படி வேணும். திறந்தா வாரண்டி போச்சுன்னு மிரட்டக் கூடாது.

2. அப்டேட்டை நிறுத்தும் நாளில், அந்தப் போனைப் பிறர் தொடர்ந்து ஓட்டத் தேவையான நிரல்களைக் கம்பெனி வெளியிடணும்.

3. அரசோ கம்பெனியோ வைக்கும் எந்தச் செயலியையும் முழுசா நீக்க முடியணும்.

4. அரசுப் பள்ளிகளுக்குக் கணினி வாங்கும்போது கட்டற்ற மென்பொருள் ஓடும் ஒற்றைப் பலகைக் கணினிகளுக்கு முதலிடம் வேணும்.

நம்ம பேச்சை மட்டும் கேட்கும் போன் இருந்தா, நாளைக்கு எந்த அரசு வந்து எந்த உத்தரவு போட்டாலும் நம்மைக் கேட்டுத்தான் ஆகணும். சஞ்சார் சாத்தி உத்தரவு திரும்பப் போச்சு. பூட்டு இன்னும் அப்படியேதான் இருக்கு.

உங்க போனில் நீக்க முடியாத செயலி எதெதுன்னு கமெண்டில் எழுதுங்க தோழர்களே. பகிருங்க, பேசுங்க.

#சாவி_நம்_கையில் #கட்டற்ற_மென்பொருள்