மாத்திரை மட்டும் போதுமா?

பிழைப்புக்காக மல்லேஸ்வரம் வந்த நம்மில் பலர் குழந்தையை ஊரில் பாட்டியிடம் விட்டுப் பிறகு அழைத்து வருகிறோம். என் பேரன் நாலு வயதில் அப்படி வந்தவன். கடித்தான், பொருள்களை உடைத்தான், தாயை அண்டவிடவில்லை. சிலர் அடிக்கச் சொன்னார்கள். சிலர் மாத்திரை கேட்கச் சொன்னார்கள்.

பாசப் பிணைப்புக் கோளாறுக்கென்று தனி மருந்து கிடையாது. பெற்றோரும் சேர்ந்து பெறும் பயிற்சிதான் சிகிச்சை. கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்பு உடனிருந்தால் மருந்து தேவைப்படலாம். அதை வெட்கப்பட்டு நாமே நிறுத்தக்கூடாது.

வண்டி தடம் புரண்டால் ரயில்வேயில் பாதையையும் அளப்போம். வீடும் அப்படித்தான். ஓசூர் சாலை நிம்ஹான்ஸில் குழந்தை மனநலப் பிரிவு உண்டு. 2022இல் தொடங்கிய டெலி மனாஸ் எண் 14416இல் இலவசமாகத் தமிழிலும் பேசலாம். தயங்காதீர்கள். பேரன் இப்போது பள்ளி வாசலில் அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறான்.