எண் ஒளிர்ந்தால் எடை சரியாகிவிடுமா?

அவனியாபுரத்தில் அரிசிக் கடை, பழைய இரும்புக் கடை, எதில் நுழைந்தாலும் இன்று எலக்ட்ரானிக் தராசுதான். மூட்டையை ஏற்றியதும் 50.00 என்று எண்கள் ஒளிர்கின்றன. இரண்டு தசம இடங்கள் வரை காட்டும் கருவி தவறாகவா காட்டும் என்று நாமும் நம்பிவிடுகிறோம். மாணவ நண்பர்களே, நுட்பமாகக் காட்டுவது வேறு. சரியாகக் காட்டுவது வேறு.

தராசின் மேடைக்கு அடியில் லோடு செல் என்ற உலோகத் துண்டு இருக்கிறது. பாரம் ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன்மேல் ஒட்டியுள்ள மெல்லிய உலோகப் படலங்களின் மின்தடை மாறும். வீட்ஸ்டன் சமனச்சுற்று அம்மாற்றத்தை மின்னழுத்தமாகத் தரும். 'இவ்வளவு மின்னழுத்தத்துக்கு இத்தனை கிலோ' என்று, தெரிந்த எடைக்கல்லை வைத்துக் கருவிக்கு முன்பே கற்பித்திருப்பார்கள். இதுவே அளவுத்திருத்தம்.

இரு தட்டுத் தராசில் இரு பக்கமும் ஒரே புவியீர்ப்பு. எனவே எந்த ஊரிலும் அது ஒன்றையே சொல்லும். லோடு செல்லோ விசையை அளக்கிறது. தில்லியைவிட மதுரையில் புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு குறைவு. தில்லியில் திருத்திய தராசை இங்கே அப்படியே வைத்தால், 50 கிலோ மூட்டைக்குச் சுமார் 50 கிராம் குறைத்துக் காட்டும்!

அன்றாடக் கோளாறுகளும் உண்டு. மேடைக்கு அடியில் ஒரு கல் சிக்கினால் பாரத்தின் ஒரு பகுதியை அது தாங்கிக்கொள்ளும். இணைப்புப் பெட்டியில் ஈரம் புகுந்தால் எண்கள் நிலைகொள்ளாது அலையும். மூட்டையைத் தொப்பென்று போட்டால் லோடு செல் நிரந்தரமாக வளைந்துவிடலாம். இவை நேர்மையான வியாபாரியின் கடையிலும் நிகழ்பவையே. நூற்றுக்கு ஒன்று பிழை என்றால் அற்பமாகத் தோன்றும். 100 மூட்டை நெல் விற்கும் விவசாயிக்கு அது ஒரு முழு மூட்டை நஷ்டம்.

"ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறார்களே, போதாதா?" என்று கேட்பீர்கள். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் அதை வலியுறுத்துவது நல்லதே. ஆனால் முத்திரை சொல்வது, சோதித்த அன்றைய நிலையை. மறுநாளே மூட்டை விழுந்து லோடு செல் வளைந்தால் முத்திரைக்கு அது தெரியாது.

ஆகவே, பெரிய எலக்ட்ரானிக் தராசு உள்ள ஒவ்வொரு கடையிலும், முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல் ஒன்று அருகிலேயே இருக்க வேண்டும். கேட்பவர் எவரும் சோதித்துப் பார்க்க இடம் தர வேண்டும் என்பது என் கருத்து. சோதனை எளிது. முதலில் மேடை மட்டமாக இருக்கிறதா, எண் பூச்சியமா என்று பாருங்கள். பிறகு எடைக்கல்லை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வையுங்கள். ஐந்து முறையும் 20 வர வேண்டும். எடுத்ததும் பூச்சியம் திரும்ப வேண்டும். ஒரு மூலையில் மட்டும் மாறினால், அப்பக்கத்தில் ஏதோ இடிக்கிறது, அல்லது லோடு செல் பழுது என்று ஊகிக்கலாம்.

கண்டுபிடிப்பதோடு நம் வேலை முடிந்தது. முத்திரையை உடைத்துத் திருத்துவது குற்றம். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் சரிசெய்து, முத்திரை ஆய்வாளர் மீண்டும் முத்திரையிட வேண்டும்.

உங்கள் பள்ளி ஆய்வகத் தராசிலிருந்தே தொடங்குங்களேன். எந்தக் கருவி எந்த எண்ணைக் காட்டினாலும், "எதனோடு ஒப்பிட்டுச் சொல்கிறாய்?" என்று கேட்கப் பழகுங்கள். அறிவியல் மனப்பான்மை என்பது இதுவே.