மின்கலம் வேண்டாத பொம்மைகள்

‘வானொலியில் நிகழும் சக்தி மாற்றம் யாது?’ என்று கேட்டால், நம் மாணவர்கள் தயங்காமல் ‘மின்சக்தி’, ‘ஒலிச்சக்தி’ என்று எழுதி நடுவே ஓர் அம்புக்குறியையும் இட்டுவிடுவர். மின்விளக்குக்கு ஓர் அம்பு, மின்விசிறிக்கு ஓர் அம்பு, அடுப்புக்கு ஓர் அம்பு. அந்த அம்புக்குறிக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு அமைதியாகிவிடும். யூபிஎஸ்ஆர் தேர்வு இருந்த காலத்தில் அம்புக்குறிக்குப் புள்ளி கிடைத்தது என்று சமாதானம் சொல்லலாம். அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. அம்புக்குறி மட்டும் வகுப்பறையைவிட்டு வெளியேறவில்லை.

சக்தி மாற்றத்தை மின்கலம் பொருத்திய பொருள்களிலிருந்து தொடங்குவதுதான் கோளாறு என்பது என் கருத்து. பொத்தானை அழுத்தினால் பொம்மைக் கார் ஓடுகிறது. மெல்ல அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும் ஓட்டம் ஒன்றுதான். குழந்தையின் கைக்கும் காரின் ஓட்டத்திற்கும் தொடர்பே இல்லை. சக்தி எங்கே இருந்தது, எவ்வளவு இருந்தது என்பவை எல்லாம் மூடிக்குள் அடங்கிவிடுகின்றன. முதலில் தர வேண்டியது, குழந்தை தன் கையாலேயே சக்தியை ஊட்டி, அது வெளிவருவதைத் தன் கண்ணாலேயே காணக்கூடிய பொம்மை.

நூல்கட்டை வண்டி அத்தகையது. தையல்கடையில் நூல் தீர்ந்தபின் எறியப்படும் வெற்று நூல்கட்டை ஒன்று, நாசி லெமாக் பொட்டலத்தைக் கட்டிவரும் ரப்பர் வளையம் ஒன்று, தீக்குச்சித் துண்டு ஒன்று, துளையிட்ட மெழுகுவர்த்தி வில்லை ஒன்று, சாத்தே குச்சி ஒன்று. வளையத்தைக் கட்டையின் துளைக்குள் நுழைத்து, ஒருபுறம் தீக்குச்சியால் தடுத்து, அது சுழலாதபடி ஒட்டுநாடாவால் ஒட்டிவிட வேண்டும். மறுபுறம் மெழுகு வில்லையைக் கோத்து, வளையத்தின் நுனியில் சாத்தே குச்சியைச் செருக வேண்டும். குச்சியின் கூர்முனையை முன்கூட்டியே நறுக்கிவிடுவது நல்லது. குச்சியைச் சுழற்றி முறுக்கேற்றித் தரையில் விட்டால், வண்டி ஆமைபோல் ஊர்ந்து செல்லும்.

மெழுகு வில்லையை எடுத்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். குச்சி கட்டையோடு உரசிச் சிக்கிக்கொள்ளும். உராய்வு என்ற சொல்லை அப்போது சொன்னால் போதும். கரும்பலகையில் இலக்கணம் எழுத வேண்டியதில்லை. முறுக்கேற்றிய குச்சியைச் சிறிது நேரம் விரலால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். விரலை நெட்டித் தள்ளுவது விசை. ஆனால் எதுவும் நகரவில்லை, ஆகவே சக்தி இன்னும் வளையத்திற்குள்தான் இருக்கிறது. விசையையும் சக்தியையும் ‘பலம்’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பும் பிள்ளைகளுக்கு, இவ்விரண்டையும் பிரித்துக்காட்ட இதைவிட எளிய வழி எனக்குக் கிட்டவில்லை.

அடுத்து அளவு. கட்டையின் விளிம்பைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை வைத்து அளந்தால் சுற்றளவு தெரியும். விளிம்பின் விட்டம் 3 சென்டிமீட்டரானால் சுற்றளவு ஏறத்தாழ 9.4 சென்டிமீட்டர். ஒரு முறுக்கு அவிழ்ந்தால் கட்டை ஒருமுறை உருளும். 20 முறுக்குக்கு 188 சென்டிமீட்டர் செல்ல வேண்டும். செல்லாது, குறைவாகத்தான் செல்லும். வண்டி நின்றபின் வளையத்தைப் பார்த்தால், உராய்வை வெல்ல இயலாத சில முறுக்குகள் அப்படியே மீந்திருக்கும். ‘சக்தி தீர்ந்துவிட்டது’ என்று வழக்கமாகச் சொல்லும் மாணவன், இப்போது என்ன சொல்வான்?

வெப்பத்தையும் இதே வளையம் காட்டும். அகலமான ரப்பர் வளையத்தைச் சட்டென்று இழுத்து மேலுதட்டில் வைத்தால் இளஞ்சூடு தெரியும். இழுத்தபடியே சற்று நேரம் வைத்திருந்து, தளரவிட்டு மீண்டும் தொட்டால் குளிரும். இதைக் கண்டறிந்து 1805இல் எழுதி வெளியிட்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் கஃப். சிறுவயதிலேயே அம்மை நோயால் பார்வையிழந்தவர். அவருக்கு உதடே வெப்பமானி.

ரப்பரைப் பற்றி நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிறர் சொல்லித்தர வேண்டிய நிலை வந்ததே என்று சில வேளை எண்ணுவதுண்டு. 1877இல் சிங்கப்பூருக்கு வந்திறங்கிய கன்றுகளிலிருந்து தொடங்கிய கதை, நம் பாட்டன் பாட்டியரின் கையில் உளியாகவும் வாளியாகவும் முடிந்தது. காய்ந்த ரப்பர்க் காய் ‘படார்’ என வெடித்து, விதையைப் பல மீட்டர் தொலைவுக்கு எறியும் ஓசையைத் தோட்டத்தில் வளர்ந்தவர் யாரும் மறந்திருக்க மாட்டார். காயும் ஓடு இறுகிச் சேர்த்து வைத்த சக்தி ஒரே கணத்தில் இயக்கமும் ஒலியுமாக மாறுகிறது. வீட்டில் தாத்தா இருந்தால் அவரிடம் கேட்டு வரும்படி வீட்டுப்பாடம் தருவேன். பயிற்சிநூலில் அது இல்லை.

இவையெல்லாம் விளையாட்டு நேரத்தில் செய்ய வேண்டியவை என்று கூறும் ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் கூற்றிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. அளக்காமல், கேள்வி கேட்காமல் வண்டியை ஓட்டிவிட்டு மணியடித்ததும் கலைந்தால், அது விளையாட்டுத்தான். தீக்குச்சியையும் மிதிவண்டிக் குழாயையும் கொண்டு அறிவியல் கற்பித்த இந்தியாவின் அரவிந்த் குப்தாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர் செய்த பொம்மைகளின் சிறப்பு மலிவில் மட்டும் இல்லை. பிரித்துப் பார்க்கலாம், உடைந்தால் மீண்டும் செய்யலாம் என்பதில் இருக்கிறது.

அண்மைக் காலமாகப் பள்ளிகளில் இயந்திரமனிதப் பெட்டிகள் வாங்குவதில் பெரும் ஆர்வம் காணப்படுகிறது. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பெட்டியைச் சுற்றி எட்டுப் பேர் நிற்க, ஒருவர் மட்டும் தொடுவதையும், பாகம் ஒன்று தொலைந்துவிடுமோ என்ற அச்சத்தில் அப்பெட்டி அலமாரியில் பூட்டப்படுவதையும் நானே கண்டிருக்கிறேன். ஒரு வகுப்புக்கு வேண்டிய ரப்பர் வளையம், சாத்தே குச்சி, இரண்டு மெழுகுவர்த்தி ஆகியவற்றைப் பத்து ரிங்கிட்டுக்குள் வாங்கிவிடலாம். நூல்கட்டைக்கு மட்டும் ஒரு மாதம் முன்பே தையல்கடையில் சொல்லி வைக்க வேண்டும்.