கத்தரிக்கோல் பிடித்த கைக்கும் விழா உண்டு

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடித்து, குடில் கட்ட வைக்கோல் சேர்த்து, தையற்காரரிடம் துணி கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நாட்கள் இவை. கிறிஸ்து பிறப்பு விழா நெருங்க நெருங்க, முடிதிருத்தகங்களில் உட்கார இடம் கிடைப்பதில்லை. காலையில் கத்தரிக்கோலைக் கையிலெடுத்தவர், இரவு வெகுநேரம் வரை நின்ற நிலையிலேயே இருக்கிறார். அழகு நிலையங்களில் பணிபுரியும் பெண்களின் நிலையும் அதுவே. நள்ளிரவுத் திருப்பலிக்கு நாம் பொலிவுடன் செல்வதற்காக அவர்கள் கால் கடுக்க நிற்கின்றனர். அவர்களுக்கு நாம் என்ன செய்கிறோம்? இம்மாதம் இதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

எங்கள் இல்லத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனினும் சொல்லியாக வேண்டும். எங்கள் தந்தையார் பக்கவாதத்தால் மூன்றாண்டுகள் படுக்கையில் இருந்தார். சனிக்கிழமைதோறும் முடிதிருத்துபவர் ஒருவர் வீட்டுக்கே வந்து, வெந்நீரில் துணியை நனைத்து முகம் துடைத்து, சவரம் செய்து, நகம் வெட்டிவிட்டுச் செல்வார். கோணிய வாயருகே கத்தி படாமல் அவர் காட்டிய பொறுமையைப் பெற்ற பிள்ளைகளாகிய நாங்களும் காட்டியதில்லை. அவருக்கு நாங்கள் அளித்த கிறிஸ்மஸ் இனாம் என்ன? உறவினரெல்லாம் உண்டு சென்றபின் எஞ்சிய கல்கலும் முறுக்கும், ஒரு பழைய சட்டையும். அதையும் கொல்லைப்புற வாயிலில் வைத்தே கொடுத்தோம்.

தந்தையார் மறைந்தபின் வந்த முதல் கிறிஸ்மஸ் காலையில், அவர் ஒரு சீப்பு வாழைப்பழமும் பெரியதொரு மெழுகுவர்த்தியும் கொண்டுவந்தார். “ஐயா கல்லறையில ஏத்துங்கம்மா” என்று எங்கள் தாயாரிடம் நீட்டினார். அன்றும் அவர் நின்றது கொல்லைப்புற வாயிலில்தான். அங்கே நிற்க அவரைப் பழக்கியவர்கள் நாங்களே அன்றோ!

முன்னாளில் கிராமத்து முடிதிருத்துபவருக்கு அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நெல் அளந்தனர். திருமணத்துக்கும் சாவுக்கும் அவர் வந்தாக வேண்டும். விழாவுக்குத் துணியும் பலகாரமும் அவருக்குச் சேரும். அது உரிமையாக இருந்தபோதிலும், தாழ்வும் அதனுடன் பிணைந்தே வந்தது. களத்து நெல் மறைந்து, கடையும் நாற்காலியும் வந்துவிட்டன. ஆயினும் ‘இனாம்’ என்று சொல்லும்போது நம் குரலில் ஏறும் அந்தப் பழைய மிடுக்கு இன்னும் மறையவில்லை.

இத்தொழிலின் பெருமையைத் திருச்சபை அறியும். பியேர் துசேன் என்பவர் இன்றைய ஹைட்டி நாட்டில் அடிமையாகப் பிறந்து, 1787இல் நியூயார்க் நகருக்குக் கொண்டுவரப்பட்டவர். முடியலங்காரத் தொழில் கற்று, செல்வச் சீமாட்டிகளின் கூந்தலை அலங்கரித்துப் பொருள் ஈட்டினார். கணவரை இழந்து வறுமையுற்ற தம் எசமானியை அந்த வருவாயாலேயே காத்தார். 1807இல் விடுதலை பெற்றபின், ஆதரவற்ற சிறுவரைத் தம் இல்லத்தில் வளர்த்தார். 1853இல் மறைந்த அவரை, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1996இல் வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். பேராயர்கள் அடக்கம் செய்யப்படும் புனித பேட்ரிக் பேராலய நிலவறையில் இந்த முடியலங்காரத் தொழிலாளரும் துயில்கிறார்.

அலுவலகத்தில் பணிபுரியும் நமக்கு விழாக்கால போனஸ் கிடைக்கலாம். 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டமோ, 20 பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் கடைகளுக்குப் பொதுவாகப் பொருந்தவில்லை. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே எல்லையைத்தான் வைத்திருக்கிறது. எனவே, மூன்று நாற்காலி போட்ட முடிதிருத்தகத்திலும் நான்கு பெண்கள் பணிபுரியும் அழகு நிலையத்திலும் போனஸ் கேட்கச் சட்டம் துணைக்கு வராது. அங்கே நம் அன்பளிப்பு, பிள்ளைக்கு ஒரு புதுச் சட்டையாக மாறக்கூடும்.

அன்பளிப்புக்கு முன் கூலியை முழுமையாகக் கொடுத்துவிட வேண்டும். கூலிக்காரரின் ஊதியத்தை மறுநாள் காலைவரை வைத்திருக்கலாகாது என்பது லேவியர் ஆகமத்தின் கட்டளை. ஆண்டு முழுவதும் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, விழாவன்று நூறு ரூபாய் நீட்டுவது ஈகையாகாது.

எவ்வளவு கொடுப்பது? அமெரிக்க நாட்டில், வழக்கமாகச் செல்லும் முடியலங்காரத் தொழிலாளருக்கு ஒருமுறைக் கட்டணத்தின் அளவுக்கு விழா அன்பளிப்பு கொடுக்கும் வழக்கம் உண்டு. முடிவெட்ட 150 ரூபாய் கொடுப்பவர் விழாவுக்கென இன்னொரு 150 ரூபாய் கொடுக்கலாம். அவ்வளவு இயலாத குடும்பத்தினர் பலகாரம் கொடுக்கட்டும். ஆனால் அது அடுப்பிலிருந்து முதலில் இறங்கியதாக இருக்கட்டும். நாம் உடுத்துக் கழித்த துணி அன்பளிப்பு ஆகாது.

கைப்பேசி வழியே செலுத்தும் பணம் பெரும்பாலும் உரிமையாளரின் கணக்குக்கே போய்ச் சேரும். ஆகவே, வேலை செய்தவரின் கையிலேயே ரொக்கமாகக் கொடுப்பது நல்லது. உதிர்ந்த முடியைக் கூட்டி அள்ளும் சிறு வேலையாளையும் மறவாதீர்கள். கடைசி நாளுக்குக் காத்திராமல் முன்னதாகவே கொடுத்தால், அவர் கடைவீதிக்குச் செல்ல நேரமிருக்கும். அவருடைய விழா தீபாவளியாகவோ ரமலானாகவோ இருப்பின், அந்த நாளை ஒட்டிக் கொடுப்பதே பொருத்தம். நமக்கு மூத்தவரை ‘வா, போ’ என்னாமல், ‘அண்ணே, வாங்க’ என்றழைக்கப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். இதற்குச் செலவேதும் இல்லை.

எங்கள் தந்தையாருக்குச் சவரம் செய்த அந்தப் பெரியவர் இப்போது தொழிலை மகனிடம் ஒப்படைத்துவிட்டார். கிறிஸ்மஸுக்கு முந்திய நாள் மாலையில், முதல் தட்டுப் பலகாரத்துடனும் புது வேட்டியுடனும் நாங்கள் அவருடைய இல்லத்துக்குச் செல்கிறோம். முன்வாயிலில் நின்று வரவேற்று, எங்களை நாற்காலியில் அமரச் சொல்லித் தேநீர் தருகிறார். நாங்கள் இதைக் கற்க ஒரு மெழுகுவர்த்தி தேவைப்பட்டது. வாசகர்கள் அதுவரை காத்திராமல், இவ்வாரம் முடிதிருத்தகத்துக்குப் புறப்படும்போதே சட்டைப்பையில் இன்னோர் உறையையும் எடுத்துச் செல்வார்களாக.