ஏழைக்கும் எட்ட வேண்டிய மரபணுச் சோதனை

புராஸ்டேட் புற்றுநோய் எல்லோரையும் ஒரே வேகத்தில் தாக்குவதில்லை. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கிறது. சிலருக்கோ விரைவிலேயே எலும்புவரை பரவி உயிரைப் பறிக்கிறது. பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை ஐயத்தை எழுப்புமே தவிர, இந்த வேறுபாட்டைத் திட்டவட்டமாகச் சொல்லாது. மரபணுச் சோதனைகள் துணைக்கு வருவது இங்கேதான். பி.ஆர்.சி.ஏ.-2 மரபணுவில் பிறவியிலேயே பிறழ்வு உடையவர்களுக்கு வரும் நோய், தீவிரமானதாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

எனினும், இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நடத்தப்பட்டவை. அவற்றின் கணிப்பு இந்தியர்களுக்கும் அதே துல்லியத்துடன் பொருந்தும் என்று கருதிவிட முடியாது. சுமார் 10,000 இந்தியர்களின் மரபணுத் தரவுகளை 2025 ஜனவரியில் மத்திய அரசு ஆய்வாளர்களுக்கு அளித்தது பாராட்டுக்குரியது. ஆனால், அவை நோயற்றவர்களின் தரவுகள். நோயாளிகளின் மரபணுவையும் நோயின் போக்கையும் பல்லாண்டுகள் இணைத்து ஆராய்ந்தால்தான் கணிப்பு கைகூடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1981-ல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தை இதற்கு அடித்தளமாக்கலாம்.

2018-ல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே முதன்மை தருகிறது. நோயின் தீவிரத்தை முன்கூட்டியே உணர்த்தும் சோதனையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைத்தாக வேண்டும். அப்போது சிலருக்குத் தேவையற்ற அறுவைச் சிகிச்சை தவிரும்; தேவைப்படுவோருக்குச் சிகிச்சை தாமதமாகாது. வசதி படைத்தோருக்கு மட்டும் முன்னெச்சரிக்கை, ஏழைக்கு முற்றிய நோய் என்ற நிலை நீடிப்பதை அரசு அனுமதிக்கலாகாது.