கணக்கு எழுதுகிறவனைக் கேட்டார்களா?

சம்பளப் பட்டியல், கடன் வட்டி, சரக்கு இருப்பு. வேலையில் இருந்த காலம் முழுவதும் நான் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம்கள் இவைதான். ராக்கெட் விடும் கணக்கு எதுவும் இல்லை. ஒரு பைசா இடறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எங்களைப் போன்றவர்களுக்காக என்று சொல்லி வகுத்த ஸ்டாண்டர்டுகள் உண்மையில் எங்களுக்கு உதவினவா? சில உதவின. சில எங்கள் உயிரை வாங்கின.

உதவியதை முதலில் சொல்கிறேன். 1959-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கூட்டிய கூட்டத்திலிருந்து பிறந்த மொழி கோபால். (ஆமாம், எங்கள் ஆபீஸில் ஆள் பெயர் மாதிரியேதான் சொல்வோம்.) அதை வகுத்த குழுவில் கம்ப்யூட்டர் விற்கிற கம்பெனிகளோடு, அதை வாங்கிப் பயன்படுத்துகிற அரசுத் துறைகளும் உட்கார்ந்திருந்தன. அது மொழியிலேயே தெரியும். ரூபாய்க்கு எத்தனை இலக்கம், பைசாவுக்கு எத்தனை இலக்கம் என்று ஆரம்பத்திலேயே எழுதிவிடலாம். வேறு பல மொழிகளில் சாதாரணமாக 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது, வாலில் ஒரு துளி ஒட்டிக்கொண்டிருக்கும். விஞ்ஞானிக்கு அது பொருட்டில்லை. ஆடிட்டருக்குப் பதில் சொல்ல வேண்டியவனுக்கு?

அடுத்து 1999 கடைசியில் ஜாவா மொழியை ஒட்டி ஜே-டூ-ஈ-ஈ என்ற ஸ்டாண்டர்டு வந்தது. அதன் நடுநாயகம் ஈ.ஜே.பி. ஒரு வாடிக்கையாளரின் பெயரையும் முகவரியையும் சேமித்து வைக்க இரண்டு இன்டர்ஃபேஸ், ஒரு கிளாஸ், போதாததற்கு எக்ஸ்.எம்.எல்.லில் ஒரு ஜாதகம். பல கம்ப்யூட்டர்களில் பிரித்து ஓட்டும் பெரிய அமைப்புகளை மனதில் வைத்து வகுத்த விதிகள் அவை. எங்களுக்கு இருந்ததோ ஒரே மாடியில் ஒரே சர்வர். வட்டிக் கணக்கில் ஒரு வரியை மாற்றினால்கூட, சரிபார்க்க முழு சர்வரையும் கிளப்ப வேண்டும். அதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். கோபாலில் இரண்டு வாரத்தில் முடிகிற வேலைக்கு மூன்று மாதம் ஆனது.

ஸ்டாண்டர்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1986-ல் எஸ்.க்யூ.எல். தரப்படுத்தப்பட்டதால், ஒரு கம்பெனியின் டேட்டாபேஸில் கற்றது பெரும்பாலும் அடுத்ததிலும் செல்லுபடியானது. ஒரே வியாபாரியிடம் சிக்கிக்கொள்ளாமல் இருக்கவும் பொது விதி வேண்டும்தான். ஆனால் எஸ்.க்யூ.எல். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. அதன்பிறகே அதற்கு முத்திரை குத்தினார்கள். ஈ.ஜே.பி.யில் முத்திரை முதலில் வந்தது, அனுபவம் பின்னால் வந்தது.

அதற்கு மாற்றும் வேலை செய்கிறவர்களிடமிருந்துதான் வந்தது. ராட் ஜான்சன் என்பவர் 2002-ல் எழுதிய புத்தகத்திலிருந்து ஸ்ப்ரிங் வளர்ந்தது. ஹைபர்னேட்டும் அப்படி வெளியே வளர்ந்ததுதான். எளிமையாக இருந்ததால் ஜனங்கள் அந்தப் பக்கம் போனார்கள். கடைசியில் 2006-ல் ஸ்டாண்டர்டே தன்னை எளிமையாக்கிக்கொண்டு அவர்கள் வழிக்கு வந்தது. ஊர் நடக்கிற பாதையைப் பார்த்துவிட்டு அதில் ரோடு போட்டிருந்தால் இத்தனை வருடம் வீணாகியிருக்காது.

அந்த மூன்று மாதமும், வயதாகி என் மூளைதான் மழுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலும் சொல்லவில்லை. விதியை வகுத்தவர்களே அதை மாற்றியபோதுதான் அந்த எண்ணம் போனது. விதி வகுக்கும் மேஜையில் கணக்கு எழுதுகிறவனுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள் என்று நான் கேட்பது அதனால்தான்.