சில்லிற் சிக்கிய சேலை

இப்பக்கத்துக்கு வரும் கடிதங்களிற் பெரும்பாலானவை பிள்ளைகளின் படிப்பைப் பற்றியோ பரீட்சையைப் பற்றியோ இருக்கும். சென்ற கிழமை வந்த ஒன்று வேறு விதமானது. பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, முதல் நியமனம் பெற்று, கிராமப் பாடசாலையொன்றிற் கற்பிக்கும் யுவதி ஒருத்தி எழுதியிருந்தாள். சேலை உடுத்து வகுப்பில் நிற்கும்போது தான் தானாக இல்லை என்பது அவளுடைய முதல் முறைப்பாடு. சேலை உடுக்காத நாளிற் கடைத்தெருவிற் கண்ட மாணவர்கள் தன்னை ஆசிரியையென மதிக்கவில்லை என்பது இரண்டாவது. “எனக்கென்று ஒரு தோற்றம் வேண்டும். அது எனக்கு இயல்பாகவும் இருக்க வேண்டும், பிறரிடத்தில் மதிப்பையும் தர வேண்டும். அப்படி ஒன்று பெண்ணுக்குக் கிடைக்குமா?” என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருந்தாள்.

உடனே பதில் எழுதலாமெனப் பேனாவை எடுத்தேன். பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் விடையொன்று என்னிடம் ஆயத்தமாகவே இருந்தது. ஆனால் அதே விடையை 2022 ஆம் ஆண்டில் வேறொரு பெண்ணுக்குச் சொல்லி, பின்னர் அதற்காக வெட்கப்பட்டவள் நான். ஆகையாற் பேனாவை வைத்துவிட்டேன். அந்தக் கதையை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியை நம் குடும்பங்கள் எளிதில் மறக்கமாட்டா. நாட்டின் கையில் டொலர் இல்லை; எண்ணெய்க் கப்பல்கள் வரவில்லை. யூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே பெற்றோல் என்று அறிவித்தார்கள். செப்டெம்பர் மாதத்திற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. மாதச் சம்பளக்காரர் வீட்டில் அந்த எண்ணின் பொருளை விளக்க வேண்டியதில்லை. மோட்டார்ச் சைக்கிள்கள் விறாந்தையில் உறங்க, பழைய துவிச்சக்கர வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன.

அக்காலத்தில் நான் கற்பித்த பாடசாலைக்குப் பதினொரு கிலோமீற்றர் தூரத்திலிருந்து ஓர் இளம் ஆசிரியை சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். கணிதம் கற்பிப்பவர், மெலிந்த தேகம், அதிகம் பேசமாட்டார். ஒருநாட் காலை, பாதி வழியிற் சேலைத் தலைப்புச் சில்லிற் சிக்கி வீழ்ந்து, முழங்கை உரிந்து, கரை கிழிந்து, சங்கிலியின் கறுப்பு எண்ணெய் பூசிய கோலத்தில் வந்து முதலாம் பாடத்தை எடுத்தார். மறுநாட் பஞ்சாபி உடையில் வந்தார். சேலையைப் பையில் மடித்துக் கொணர்ந்து, நூலகத்தின் பக்கத்து அறையில் மாற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனார். இதிற் குற்றம் காண என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஆனால், படலைக்குள் வரும்போதே ஆசிரியையாக வரவேண்டும் என்று சிலர் கூறினர். பகுதித் தலைவியாக இருந்தவள் என்ற முறையில், அவருக்குப் புத்தி சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் சொன்னேன். கால் மணி நேரம் சொன்னேன். சேலை நமது பண்பாடு என்றேன். தாய்மாரின் உடை என்றேன். அதை உடுத்தவளுக்கு மதிப்புத் தானே வந்து சேரும் என்றேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, கோபமின்றி, “ரீச்சர், நான் சேலையை வேண்டாமெண்டு சொல்லேல்லை. சைக்கிள்தான் வேண்டாமெண்டுது” என்றார்.

நான் பட்டதாரி, பேசத் தெரிந்தவள், மேடைகளிற் பெண்ணின் பெருமையைப் பற்றி முழங்கியவள். அந்த ஒற்றை வாக்கியத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

அன்றிரவு யோசித்துப் பார்த்தபோது என் பேச்சில் வரலாற்றுப் பிழையும் இருந்தது தெரிந்தது. ரவிக்கையும் உட்பாவாடையும் சேர்த்து இன்று நாம் உடுக்கும் சேலைக்கட்டு, ஆதியிலிருந்து மாறாது வந்ததன்று. வங்காளத்துத் தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதாநந்தினி தேவி 1864 ஆம் ஆண்டிற் கணவரோடு பம்பாய்க்குப் புறப்பட்டார். கணவர் சத்தியேந்திரநாத், இந்தியச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் இந்தியர். அந்தப்புரத்தில் உடுத்த தனிச்சேலை வெளியுலகில் நடமாடுதற்கு ஏற்றதாக இல்லை. பம்பாயிலே பார்சிப் பெண்கள் உடுக்கும் விதத்தைக் கண்டு, அதைத் தமக்கு வசதியானபடி திருத்தி, ரவிக்கையோடும் உட்பாவாடையோடும் உடுத்து, மற்றப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். இன்றைய சேலைக்கட்டுப் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு பெண் வாசலைத் தாண்டிப் போவதற்காகத் திருத்திக்கொண்ட உடையைக் காட்டித்தான், நான் மற்றொரு பெண்ணை வாசலில் மறித்தேன்!

உடுத்தவளுக்கு மதிப்புத் தானே வரும் என்றேனே, அதுவும் எல்லோருக்கும் பொருந்தியதன்று. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் தோளை மூடுவதற்கே பல்லாண்டு காலம் போராட வேண்டியிருந்தது. 1859 யூலை 26 ஆம் திகதிதான் மன்னரின் பிரகடனம் அதற்கு இடமளித்தது. அப்போதும் உயர்குலப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற நிபந்தனையோடுதான்! நமது யாழ்ப்பாணத்திலும் சாதியின் பெயரால் மேலாடை மறுக்கப்பட்ட பெண்கள் இருந்தார்கள். நம்முடைய வீட்டுப் பெரியவர்கள் அதைத் தாழ்ந்த குரலிலே சொல்வார்கள். சிலர் சொல்லவே மாட்டார்கள். பெண்ணின் உடையைப் பற்றிப் பண்பாடு என்ற சொல்லை எடுக்கும்போது, யாருடைய பண்பாடு, யார் வகுத்தது என்ற கேள்வியையும் கூடவே எடுத்துக்கொள்ள வேண்டும். நான் எடுக்கவில்லை.

சைக்கிளுக்கும் பெண்ணின் உடைக்கும் இடையிலான வழக்கு நம்மூரில் தொடங்கியதுமன்று. 1898 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சறே மாவட்டத்திலே, காற்சட்டை போன்ற உடையணிந்து சைக்கிளில் வந்த ஹார்பர்ட்டன் சீமாட்டிக்கு ஒரு விடுதியின் கோப்பிச் சாலையில் இடமளிக்க மறுத்துவிட்டார்கள். மறு ஆண்டு வழக்கு நீதிமன்றம் சென்றது. சீமாட்டியின் பக்கம் தோற்றது. தமிழ்நாட்டிற் புதுக்கோட்டை மாவட்டத்தில், 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தறிவோடு சைக்கிளோட்டமும் கற்பித்தார்கள். அப்போது அங்கே மாவட்ட ஆட்சியராக இருந்தவரும் ஒரு பெண்மணியே, ஷீலா ராணி சுங்கத். வயல்வேலைக்கும் கல்லுடைப்புக்கும் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கிற் சேலையோடேயே சைக்கிள் ஏறினார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாமற்போக, ஆண்கள் ஓட்டும் வண்டியிலும் ஏறினார்கள். ஆகவே சேலையில் சைக்கிள் ஓட முடியாது என்று நான் வாதிடப் போவதில்லை. என் தாயாரே அதற்குச் சாட்சி.

அம்மாவும் ஆசிரியை. 1990 ஆம் ஆண்டின் பின் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்து, பெற்றோல் என்பது கதையில் வரும் பொருளாகிவிட்ட காலத்தில், அவர் சேலையோடு சைக்கிளிற் போய்வந்தார். அவர் புறப்படும் காட்சி ஒரு பூசைபோல ஒழுங்காக நடக்கும். கொய்யகத்தைக் கணுக்காலுக்கு மேலே நான்கு விரற்கடை உயர்த்திக் கட்டுவார். தலைப்பை முதுகைச் சுற்றி முன்னே கொணர்ந்து இடுப்பிற் செருகி, இரண்டு பின் குத்துவார். பின்சில்லின் இரு பக்கமும் நூலாற் பின்னிய வலை உண்டு. அதை அவரே பின்னினார். சவர்க்காரம் கிடையாத நாட்களிற் பனங்காயைக் கசக்கித் தோய்த்த சேலைதான். ஆனாலும் ஊரிலே சேலை கட்டுவதற்கு அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். பள்ளிக்கூடம் போனதும் கொய்யகத்தைத் தாழ்த்திவிடுவார். வீடு திரும்பியதும் முதல் வேலையாகச் சேலையைக் களைந்து, பழைய சட்டையொன்றைப் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போவார். இந்த இரண்டு கோலத்தில் எது தம்முடைய உண்மையான தோற்றம் என்று அவர் ஒருநாளும் கேட்டுக்கொண்டதாக நான் அறியேன்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. எனக்கு அப்போது 14 வயது. மழை. முன்னே போகவும் முடியாது, பின்னே திரும்பவும் முடியாது, அவ்வளவு சனம். அம்மா சேலையை முழங்கால் அளவுக்கு வரிந்து கட்டி, கரியரில் தம்பியையும் இரண்டு கைப்பிடிகளிலும் மூட்டைகளையும் வைத்துச் சைக்கிளைத் தள்ளினார். வலை எங்கேயோ அறுந்துவிட்டது. விடியும்போது சேலையின் கீழ்ப்பாதி முழுதும் சேறும் சங்கிலி எண்ணெயும். தென்மராட்சியிற் பாடசாலைக் கட்டடமொன்றிலே பல குடும்பங்களோடு தங்கினோம். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அம்மா முகத்தைக் கழுவி, தலையை வாரி, அதே சேலையைக் கறை தெரியாதபடி உள்மடித்து உடுத்து, வேப்பமரத்தின் கீழே பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கறை தெரியத்தான் செய்தது. ஆயினும் அவரை ஆசிரியை அல்லர் என்று எந்தப் பிள்ளையும் நினைக்கவில்லை. என் தாயார் எவ்வளவு அழகானவர் என்று நான் முதன்முதலாகக் கண்டதும் அங்கேதான்.

இதனாற் சேலை பொருட்டன்று என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அம்மா அன்று அதை உடுத்தார். பழைய சட்டையோடு மரத்தடிக்குப் போகவில்லை. அதன் ஒவ்வொரு மடிப்பும் அவருடைய கைக்குத் தெரிந்திருந்தது. எப்போது உயர்த்துவது, எப்போது தாழ்த்துவது, எப்போது களைவது என்று அவரே தீர்மானித்தார். எனக்குக் கடிதம் எழுதிய பெண்ணோ வேறொருவர் கண்ணுக்காகக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். ஆகவே உடம்பு கூசுகிறது. கணித ஆசிரியைக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை. அதை உண்டாக்க முயன்றவள் நான்.

தோற்றம் என்பதை அலங்காரத்தோடு மாத்திரம் சேர்த்துப் பேசும் வழக்கம் நமக்கு எப்படி வந்ததென்று தெரியவில்லை. தமிழிலக்கியம் அப்படிச் சொல்லவில்லை. பாண்டியன் அவைக்கு வந்த கண்ணகி விரித்த கூந்தலோடு, கையில் ஒற்றைச் சிலம்போடு வந்தாள். காரைக்கால் அம்மையார் அழகுடைய உடலையே வேண்டாமென்று பேயுருக் கேட்டுப் பெற்றார். நம் வகுப்பறைகளில் இவ்விருவரையும் ஆண்டுதோறும் படிப்பிக்கிறோம். மாணவியின் பின்னற் றிறப்பையும் றிபனையும் பார்த்து வெளியே நிறுத்துவதும் அதே வகுப்பறையில்தான்.

மறுநாள் அந்த ஆசிரியையிடம் போய், நேற்றுச் சொன்னது பிழை என்று கூறினேன். அவர் பதறி எழுந்துவிட்டார். வயதிலே மூத்தவர்கள் அப்படிச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லைப் போலும். பின்னர் அதிபரைக் கண்டு பேசினேன். நூலகத்தின் பக்கத்து அறைக்கு ஒரு தாழ்ப்பாள், சுவரில் நான்கு கொளுக்கி, ஆளுயரக் கண்ணாடி ஒன்று வந்தன. முறுமுறுத்தவர்கள் தொடர்ந்து முறுமுறுத்தார்கள். ஆயினும் ஒரு மாதத்துள் அந்தக் கொளுக்கிகள் நான்கிலும் பைகள் தொங்கின. அவ்வாண்டு நவம்பரிலே தென்னிலங்கையில் ஆசிரியைகள் சிலர் சேலையன்றி வேறு உடையிற் பாடசாலைக்குப் போனதும், அதையொட்டி நாடெங்கும் வாதம் நடந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்த வாதத்திற் பேசிய கனவான்களில் எத்தனை பேர் ஆறு யார் துணியைச் சுற்றிக்கொண்டு எதிர்க்காற்றிற் சைக்கிள் மிதித்திருப்பார்கள் என்பதே எனக்கு எழுந்த ஐயம்.

கடிதம் எழுதிய பெண்ணுக்கு நேற்றுத்தான் பதில் அனுப்பினேன். தத்துவம் ஒன்றும் எழுதவில்லை. பாரமான பட்டுப்போன்ற சேலைகளை விட்டு, தோய்க்கத் தோய்க்க மெதுவாகும் நூற்சேலை இரண்டு வாங்கும்படியும், விடுமுறை நாளில் வீட்டில் உடுத்துக்கொண்டு சமைத்தும் படியேறியும் பழகும்படியும் எழுதினேன். பழகிய பின்னரும் அது தனக்கு ஒவ்வாதென்று தோன்றினால், தன்னைப் போன்ற மற்ற ஆசிரியைகளையும் சேர்த்துக்கொண்டு அதிபரோடு பேசட்டும்; தனியே நின்று கூசவேண்டியதில்லை. கடைத்தெருவிலே மதிக்காத மாணவர்களைப் பற்றி மட்டும் ஒரு வரி: அவர்கள் வகுப்பிலே உன்னிடம் கணக்கு விளங்கிக்கொண்டார்களா என்று பார்.

கணித ஆசிரியையின் கதையை நான் வீட்டிற் சொன்ன அன்று, அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு இப்போது கண் மங்கல். கை மட்டும் ஓயாது. இரண்டு நாளில் நைலோன் நூலிற் சில்லு வலை ஒரு சோடி பின்னி என் கையிற் தந்தார். “அந்தப் பிள்ளை இப்ப பஞ்சாபியிலைதானே அம்மா வாறா, வலை எதுக்கு?” என்று கேட்டேன்.

“சோலும் சில்லுக்கை சிக்கும், பிள்ளை. கொண்டுபோய்க் குடு. நூல்க் காசை மட்டும் வாங்கியா” என்றார்.